எல்லையோரப் பகுதிகளின் வளர்ச்சியில் சுற்றுலாத் தொழிலின் பொறுப்பு

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இரு நாடுகளின் எல்லையை ஒட்டியிருக்கும் பின்தங்கிய பகுதிகளை எப்படி முன்னேற்றுவது என்ற கேள்வி எழும்போதெல்லாம், சுற்றுலாவை வளர்த்தால் போதும் என்ற விடை உடனடியாக வந்துவிடுகிறது. அந்த விடையை நான் மறுக்கவில்லை. ஆனால் சுற்றுலா என்பது தானாக வந்து ஒரு பகுதியை வளர்த்துவிட்டுப் போவதில்லை. விடுதி நடத்துபவர், வாகனம் ஓட்டுபவர், வழிகாட்டி, பயண ஏற்பாட்டு நிறுவனம், உணவகம் ஆகியோர் அன்றாடம் எடுக்கும் முடிவுகளின் வழியாகவே அது வளர்ச்சியாகவோ வெறும் நடமாட்டமாகவோ மாறுகிறது. அந்த நிறுவனங்கள் யாருடையவை, எங்கே வாங்குகின்றன, யாரை வேலைக்கு அமர்த்துகின்றன, எல்லைக்கு அப்பால் இருப்பவரைப் போட்டியாளராகப் பார்க்கின்றனவா பங்காளியாகப் பார்க்கின்றனவா என்பதைப் பற்றி நம் பொது விவாதத்தில் போதிய பேச்சு இல்லை என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

எல்லையோரப் பகுதி பின்தங்குவதற்கு அங்குள்ள மக்களின் திறமைக்குறைவு காரணமல்ல. தலைநகரிலிருந்து பார்த்தால் அது சாலை முடிகிற இடம். அங்கே தொடர்வண்டிப் பாதையும் மருத்துவமனையும் கல்லூரியும் கடைசியாகத்தான் போய்ச் சேரும். உள்நாட்டில் இருக்கும் ஒரு வணிகருக்கு நாற்புறமிருந்தும் வாடிக்கையாளர் வருவார்கள் என்றால், எல்லையில் இருப்பவருக்கு அந்த வட்டத்தின் பாதி வேறொரு நாட்டில், வேறொரு நாணயத்தில், வேறொரு சட்டத்தின்கீழ் இருக்கிறது. எல்லை கடப்பதை ஒப்பீட்டளவில் எளிதாக்கிவிட்ட ஐரோப்பிய ஒன்றியத்திலேயே இந்தச் சிக்கல் தீரவில்லை. ஒன்றியத்தின் உள் எல்லைப் பகுதிகள் அதன் நிலப்பரப்பில் ஏறத்தாழ 40 விழுக்காடாகும். அங்கே சுமார் 15 கோடி மக்கள் வாழ்கிறார்கள். சட்டங்களும் நிர்வாக நடைமுறைகளும் ஒத்துப்போகாததால் இப்பகுதிகள் தங்கள் வாய்ப்புகளை இழக்கின்றன என்று ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையமே 2017இல் வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. எல்லைகள் இறுகிக் கிடக்கும் கண்டங்களில் நிலைமை எப்படியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

அதே வேளையில், இந்தப் புறக்கணிப்பே சில செல்வங்களைக் காத்தும் வைத்திருக்கிறது. மலைமுகடும் ஆறும் அடர்காடும் பல இடங்களில் எல்லைக்கோடாகவே அமைந்துவிட்டவை. தொழிற்சாலைகள் வராததால் அவை கெடாமல் நின்றன. பனிப்போர்க் காலத்தில் கிழக்கு, மேற்கு ஐரோப்பாவைப் பிரித்த இரும்புத்திரை என்னும் எல்லை ஓடிய தடத்தில், மனிதர் நுழையத் தடைசெய்யப்பட்டிருந்த நிலமே இன்று 12,500 கிலோமீட்டர் நீளமுள்ள ஐரோப்பியப் பசுமைப் பட்டையாகப் பேணப்படுகிறது. இரு மொழிகளும் இரு வழக்கங்களும் கலந்த வாழ்க்கையும் எல்லையோரங்களுக்கே உரியது. வேறு எந்தத் தொழிலுக்கும் குறையாகத் தெரியும் தொலைவும் தனிமையும் சுற்றுலாவுக்கு மூலப்பொருளாகின்றன. ஆகவே இப்பகுதிகளுக்குச் சுற்றுலா பொருத்தமானது என்பதில் எனக்கு ஐயமில்லை.

இதற்கு நான் அறிந்தவற்றுள் மிகத் தெளிவான எடுத்துக்காட்டு, அல்பேனியா, கொசோவோ, மொண்டெனேகுரோ ஆகிய மூன்று நாடுகளின் மலைகளைச் சுற்றி வரும் ‘பால்கன் சிகரங்கள்’ என்னும் நடைவழி. அதன் நீளம் 192 கிலோமீட்டர். அல்பேனியாவில் பொதுவுடைமை ஆட்சி நடந்த பல பத்தாண்டுகள் இந்த எல்லை மூடிக் கிடந்தது. பின்னர் போர்களும் வறுமையும் இளைஞர்களை வெளிநாடுகளுக்கு விரட்டின. தெத், வல்போனா போன்ற பள்ளத்தாக்குகளில் பனிக்காலத்தில் ஊர்களே வெறிச்சோடிவிடும். ஜெர்மனியின் வளர்ச்சி உதவி நிறுவனமும் அந்நாட்டின் மலையேற்றச் சங்கமும் துணைநிற்க, மூன்று நாட்டினரும் சேர்ந்து பழைய மேய்ச்சல் பாதைகளை இணைத்து ஒரே வழியாக அடையாளமிட்டார்கள். அதன்பின் பெரிய விடுதி எதையும் கட்டாமல், இருந்த வீடுகளிலேயே இரண்டு மூன்று அறைகளை ஒழுங்குபடுத்தி, வீட்டில் சமைத்ததையே பரிமாறி, குடும்பங்கள் விருந்தினரை ஏற்றுக்கொள்ளத் தொடங்கின. 2013இல் உலகப் பயண மற்றும் சுற்றுலா மன்றத்தின் விருதும் இம்முயற்சிக்குக் கிடைத்தது.

விருதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அந்த நடைவழியின் அமைப்பு. நடப்பவர் ஒவ்வொரு மாலையும் வேறொரு ஊரில், பல வேளைகளில் வேறொரு நாட்டில் தங்கியாக வேண்டும். ஒரு நாட்டிலுள்ள வீடு விருந்தினரை நன்றாகக் கவனிக்காவிட்டால் அடுத்த நாட்டிலுள்ள வீட்டுக்கும் இழப்பு. எனவே மூன்று நாட்டினரும் ஒருவருக்கொருவர் வாடிக்கையாளரை அனுப்பிவைப்பவர்களாக ஆகிறார்கள். மலையுச்சியில் சோதனைச்சாவடி இல்லாத இடங்களில் எல்லையைக் கடக்க முன்கூட்டியே அனுமதி பெற வேண்டியிருந்தபோது, அந்த விண்ணப்ப வேலையை உள்ளூர்ப் பயண நிறுவனங்கள் சிறு கட்டணத்திற்குத் தங்கள் தலையில் ஏற்றுக்கொண்டன. வெளியூர் நிறுவனத்தால் செய்ய முடியாத, உள்ளூர் அறிவு தேவைப்படும் வேலை அது. எல்லையின் சிக்கலே உள்ளூர் நிறுவனத்திற்கு ஒரு தொழிலாக அமைந்ததை இங்கே பார்க்கிறோம்.

இதற்கு நேரெதிரான ஒரு வகை எல்லைச் சுற்றுலாவும் உண்டு. அது இரு நாடுகளுக்கு இடையிலுள்ள சட்ட வேறுபாட்டையும் விலை வேறுபாட்டையும் விற்றுப் பிழைப்பது. ஒரு நாட்டில் சூதாட்டம் தடைசெய்யப்பட்டிருந்தால் மறுபுறத்தில் சூதாட்ட விடுதிகள் வரிசையாக எழும்; வரி குறைவாக இருக்கும் பக்கத்தில் மதுவும் எரிபொருளும் விற்கும் கடைகள் பெருகும். கம்போடியாவின் பொய்பெட் நகரம் பெரிதும் தாய்லாந்திலிருந்து வரும் சூதாடிகளை நம்பியே வளர்ந்தது. வேலைகள் கிடைத்தன என்பது உண்மை. ஆனால் அந்த விடுதிக்குள் நுழைபவர் ஊரைப் பார்ப்பதில்லை, ஊர்க்காரரிடம் எதையும் வாங்குவதில்லை, சுவருக்கு வெளியே என்ன இருக்கிறது என்று கேட்பதுமில்லை. 2025இல் இரு நாடுகளுக்கும் இடையே மோதல் வெடித்து எல்லை மூடப்பட்டபோது, அப்படிப்பட்ட நகரத்திற்கு வேறு பிடிமானம் என்ன இருக்கிறது என்ற கேள்வி வந்துவிட்டது. வேறுபாட்டை மட்டும் விற்பவர், அந்த வேறுபாடு ஒரு சட்டத் திருத்தத்தால் மறைந்தாலும், ஓர் ஆணையால் எல்லை அடைபட்டாலும் கையில் ஒன்றுமில்லாமல் நிற்பார்.

இத்தாலி, சுலோவேனியா எல்லையில் உள்ள கொரீசியாவும் நோவா கொரிசாவும் இந்த இரு வகைகளையும் பார்த்த நகரங்கள். 1947இல் போட்ட கோடு கொரீசியா நகரத்தை இத்தாலியில் விட்டு, அதன் கிழக்குப் புறப்பகுதிகளை அன்று சுலோவேனியாவை உள்ளடக்கியிருந்த யூகோசுலாவியாவுக்குக் கொடுத்தது. மறுபக்கத்தில் 1948 முதல் புதிதாக ஒரு நகரத்தையே கட்டினார்கள். பிற்காலத்தில் நோவா கொரிசாவின் பெயர் இத்தாலியர் வந்து போகும் பெரிய சூதாட்ட விடுதிகளால் பரவியது. ஆனால் அதோடு அவர்கள் நின்றுவிடவில்லை. 2004இல் சுலோவேனியா ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தபோது, தொடர்வண்டி நிலையத்தின் முன்னுள்ள சதுக்கத்தில் குறுக்கே நின்ற வேலி அகற்றப்பட்டது. பிறகு 2011இல் இரு பக்கத்து நகராட்சிகளும் சட்டப்படி ஒரே கூட்டமைப்பாக இணைந்தன. 2025இல் இரண்டும் சேர்ந்து, ஐரோப்பிய ஒன்றியம் ஆண்டுதோறும் வழங்கும் ‘ஐரோப்பியப் பண்பாட்டுத் தலைநகர்’ என்னும் தகுதியைப் பெற்று விளங்கின. பிரிவினையின் வரலாற்றையே அவர்கள் பார்வையாளர்களுக்குக் காட்டினார்கள். அதைக் காட்ட இரண்டு பக்கமும் தேவை. ஒரு பக்கத்தால் மட்டும் அந்தக் கதையைச் சொல்ல இயலாது. சேர்ந்து விற்க வேண்டிய பொருள் எதுவோ அதுவே எல்லைப் பகுதிக்கு நிலையான முதலீடு என்பது என் கருத்து.

விக்டோரியா அருவியிலும் இதே பாடம் இருக்கிறது, சற்று வேறு விதமாக. 1.7 கிலோமீட்டர் அகலமுள்ள அந்த அருவியின் ஒரு பக்கம் ஜிம்பாப்வே, மறுபக்கம் ஜாம்பியா. 2000ஆம் ஆண்டுக்குப் பின் ஜிம்பாப்வேயின் அரசியலும் பொருளாதாரமும் சீர்குலைந்தபோது பயணிகள் ஜாம்பியாவின் லிவிங்ஸ்டன் நகரத்தை நாடினார்கள். ஒரு கரையின் துன்பம் மறுகரைக்கு ஆதாயமாயிற்று. அதை நிரந்தரமாக்கிக்கொள்ள முயல்வதே வணிக இயல்பு என்று சிலர் சொல்லக்கூடும். ஆனால் 2013இல் ஐக்கிய நாடுகள் உலகச் சுற்றுலா அமைப்பின் பொதுப்பேரவையை ஜிம்பாப்வே பக்கத்து விக்டோரியா அருவி நகரமும் லிவிங்ஸ்டனும் சேர்ந்தே நடத்தின. அடுத்த ஆண்டில், இரு நாடுகளுக்கும் மாறிமாறிச் சென்றுவர 50 டாலரில் ஒரே நுழைவு இசைவு (விசா) அறிமுகமானது. இதன் பொருளாதாரக் காரணம் எளிமையானது. அருவியை ஒரு கரையிலிருந்து பார்த்துவிட்டுப் போகிறவர் ஓர் இரவு தங்குவார். இரு கரைகளையும், அப்பாலுள்ள வனங்களையும் பார்க்க முடிந்தவர் மூன்று நான்கு இரவுகள் தங்குவார். பகலில் வந்து பகலிலேயே திரும்புகிறவரால் ஊருக்குக் குப்பையும் நெரிசலும் மிஞ்சும்; வருமானத்தைக் கொண்டுவருவது தங்குகிறவரே. எல்லையைத் திறந்து வைப்பது இரு கரைகளிலும் உள்ள விடுதிக்காரர்களின் நேரடி நலன் என்பதை அவர்கள் தங்கள் அரசுகளிடம் ஒரே குரலில் சொன்னால், தூதரகங்களின் கடிதங்களைவிட அதற்கு வலு அதிகம்.

அடுத்து உடைமை பற்றிப் பேசியாக வேண்டும். என் பார்வையில் எல்லாவற்றுக்கும் மேலான கேள்வி இதுதான். பின்தங்கிய பகுதியில் விடுதி கட்டுமளவுக்கு உள்ளூர்க்காரரிடம் பணம் இருக்காது. வெளியிலிருந்து முதலீடு வரும், அதோடு மேலாளரும் சமையற்காரரும் மளிகையும் வெளியிலிருந்தே வருவார்கள், இலாபம் வெளியே போகும். உள்ளூர்க்காரருக்குக் காவல் வேலையும் துப்புரவு வேலையும் மிஞ்சும். இதைத் தவிர்க்க முடியாத விதி என்று பலர் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். அப்படியல்ல என்பதற்கு ஆப்பிரிக்காவிலேயே சான்றுகள் உள்ளன. ருவாண்டா, உகாண்டா, காங்கோ மூன்றும் சந்திக்கும் விருங்கா எரிமலைத் தொடரில் மலைக் கொரில்லாக்கள் வாழ்கின்றன. ருவாண்டா தன் பூங்கா வருவாயில் 5 விழுக்காட்டைச் சுற்றியுள்ள ஊர்களுக்கு என்று 2005இல் ஒதுக்கத் தொடங்கி, 2017இல் அதை 10 விழுக்காடாக உயர்த்தியது. அதோடு, அங்குள்ள சபியின்யோ விடுதிக்கு உள்ளூர்ச் சமூகச் சங்கமே உரிமையாளர். அனுபவமுள்ள ஒரு தனியார் நிறுவனம் அதை நடத்தி, விருந்தினர் தங்கும் ஒவ்வோர் இரவுக்கும் சங்கத்திற்குப் பணம் செலுத்துகிறது. அந்தப் பணத்தைப் பெறுவது சங்கத்தின் உரிமை. யாருடைய நல்லெண்ணத்துக்கும் அது காத்திருப்பதில்லை.

தென்னாப்பிரிக்கா, போட்சுவானா எல்லையிலுள்ள கலகாடி பூங்காவும் குறிப்பிடத்தக்கது. இரு நாடுகளும் 1999இல் ஒப்பந்தம் செய்து, 2000இல் திறந்த பூங்கா அது. உள்ளே எல்லைவேலி கிடையாது. வந்த வாசல் வழியாகவே திரும்புகிறவர் கடவுச்சீட்டு இல்லாமலே மறுநாட்டு மண்ணில் உலவலாம். அந்த நிலத்திலிருந்து முன்பு வெளியேற்றப்பட்ட கோமானி சான் மக்களும் மியர் சமூகத்தினரும் நில உரிமைக்காகப் போராடி, 1999இல் தீர்வு பெற்று, இன்று பூங்காவிற்குள் ஒரு விடுதிக்குக் கூட்டாக உரிமையாளர்களாக இருக்கிறார்கள். அதன் நிர்வாகம் அனுபவமுள்ளவர் கையில் இருக்கிறது. பணமும் திறமையும் வெளியிலிருந்து வருவதில் தவறில்லை. நிலமும் உரிமையும் உள்ளே இருந்தால், பேரம் பேசும் வலிமையும் உள்ளேயே இருக்கும்.

உடைமைக்கு அடுத்தபடியாகக் கொள்முதல். ஒரு விடுதி தன் காய்கறி, பால், முட்டை, மரச்சாமான், துணி வெளுப்பு ஆகியவற்றை எங்கிருந்து பெறுகிறது என்பது, அது எத்தனை பேரை நேரடியாக வேலைக்கு வைத்திருக்கிறது என்பதற்குச் சற்றும் குறையாத கேள்வி. எல்லையோரத்தில் இதற்கு இன்னொரு பரிமாணமும் உண்டு: பக்கத்துப் பண்ணை ஐந்து கிலோமீட்டரில் இருந்தாலும் அது அயல்நாடு என்பதால் சுங்கமும் உணவுச் சோதனையும் குறுக்கே நிற்கும்; அதனால் அதே பொருள் தொலைவிலுள்ள உள்நாட்டு மொத்தச் சந்தையிலிருந்து வரும். சிறு அளவிலான எல்லை வணிகத்துக்கு எளிய விதிகள் வகுத்தால் இரு பக்கத்து உழவருக்கும் சுற்றுலாவின் பயன் போய்ச் சேரும். இணையவழிப் பதிவுத் தளங்கள் எடுக்கும் தரகுத்தொகையும் சிறிய விடுதிகளின் கணக்கில் பெரிய பங்கைத் தின்றுவிடுகிறது. இரு நாட்டுச் சிறு நிறுவனங்களும் சேர்ந்து ஒரே பதிவு மையம் நடத்தினால் அந்தத் தொகையின் ஒரு பகுதியையாவது ஊரிலேயே நிறுத்தலாம்.

சுற்றுலாவை எதிர்ப்பவர்களின் அச்சங்களை நான் எளிதாகத் தள்ளிவிட மாட்டேன். பருவம் முடிந்தால் வேலை முடிந்துவிடும். வீட்டு வாடகை ஏறி ஊர்க்காரரே ஊரைவிட்டுப் போகும் நிலை வரும். தண்ணீர் பற்றாக்குறையான இடத்தில் விருந்தினர் குளியலறைக்குப் போகும் நீர் வயலுக்குப் போகாது. எல்லாவற்றுக்கும் மேலாக, இது உலகில் எங்கோ நடக்கும் ஒன்றால் ஒரே இரவில் நின்றுவிடக்கூடிய தொழில். 2020இல் உலக நாடுகளிடையே பயணம் செய்தோர் எண்ணிக்கை முந்தைய ஆண்டைவிட ஏறத்தாழ முக்கால் பங்கு சரிந்தது. கொரீசியாச் சதுக்கத்தில்கூட மீண்டும் வேலி வந்தது. ஆகவே வேளாண்மையையோ கால்நடையையோ கைத்தொழிலையோ விட்டுவிட்டு முழுவதுமாகச் சுற்றுலாவுக்கு மாறுங்கள் என்று ஒரு பின்தங்கிய பகுதிக்கு அறிவுரை சொல்வது பொறுப்பற்ற செயல். பால்கன் மலைகளில் வீட்டுவிடுதி நடத்தும் குடும்பம் ஆடுமாடுகளையும் விட்டுவிடாமல் வைத்திருந்தால், பயணிகள் வராத ஆண்டிலும் அது தாங்கி நிற்கும். கடன் வாங்கி நூறு அறைகள் கட்டியவரால் அப்படி நிற்க முடியாது.

அரசுகள் செய்ய வேண்டியவற்றுள் பல பெரும்பணம் கேட்காதவை. பல எல்லைகளில், ஒரு நாட்டில் பயிற்சி பெற்று உரிமம் வாங்கிய வழிகாட்டி, தான் சிறுவயதிலிருந்தே அறிந்த மலையின் மறுசரிவில் வேலை செய்தால் குற்றமாகிவிடுகிறது. வாடகை வாகனம் விருந்தினரை மறுபக்கம் இறக்கிவிடலாம், அங்கிருந்து ஒருவரை ஏற்றக் கூடாது. காப்பீடும் சில இடங்களில் எல்லையில் முடிந்துவிடும். இவற்றை எல்லையோர மாவட்டங்களுக்கு மட்டுமாவது பரஸ்பர ஒப்புதலால் தளர்த்தலாம். பைரனீஸ் மலையில் செர்தான்யா சமவெளியை பிரான்சும் ஸ்பெயினும் பகிர்ந்துகொள்கின்றன. பனிச்சறுக்குக் காலத்தில் அங்கே இருப்போரின் எண்ணிக்கை பல மடங்காகிறது. இரு நாட்டினருக்கும் பொதுவான மருத்துவமனை ஒன்று 2014இல் அங்கே திறக்கப்பட்டது. விருந்தினருக்கு அது பாதுகாப்பு; ஆண்டு முழுவதும் அங்கேயே வாழ்கிறவருக்கோ, சுற்றுலா வராமலிருந்தால் ஒருவேளை கிடைத்தே இராத வசதி. சுற்றுலாவை முன்னிட்டு வரும் சாலை, மருத்துவம், தொலைத்தொடர்பு ஆகியவற்றை உள்ளூர் மக்களும் பயன்படுத்தும்படி தொடக்கத்திலேயே திட்டமிட வேண்டும் என்பதற்கு இதைவிடச் சிறந்த முன்மாதிரி எனக்குத் தெரியவில்லை.

நிதியுதவி பற்றியும் ஒரு சொல். ஐரோப்பிய ஒன்றியம் 1990 முதல் ‘இன்டர்ரெக்’ என்னும் திட்டத்தின்கீழ் எல்லை தாண்டிய பணிகளுக்கு நிதி வழங்கி வருகிறது. நோக்கம் உயர்ந்தது. ஆனால் இரு நாட்டு விதிகளுக்கும் உட்பட்ட விண்ணப்பம், தணிக்கை, முன்செலவு ஆகியவை, கணக்காளர் வைத்திருக்கும் அமைப்புகளுக்கே தாங்கக்கூடியவை. மூன்று பேர் நடத்தும் வீட்டுவிடுதிக்கு அல்ல. சிறு திட்டங்களுக்கெனத் தனி நிதி ஒதுக்கும் வழியைப் பின்னர் விதிகளிலேயே சேர்த்தார்கள். இந்த அனுபவத்தைக் கணக்கில் எடுத்துக்கொண்டு, எங்கே புதிதாக எல்லைச் சுற்றுலாத் திட்டம் வகுத்தாலும், சிறிய தொகையைச் சிறிய தாள்வேலையில் வழங்கும் பிரிவை முதல் நாளிலிருந்தே வைக்க வேண்டும். பெரிய நுழைவாயில் வளைவுகளும் பார்வையாளர் மாடங்களும் திறப்புவிழாவுக்குப் பயன்படும். ஒரு குடும்பத்துக்குக் கழிப்பறை கட்டவும் படுக்கை வாங்கவும் கிடைக்கும் சிறுகடன் அடுத்த இருபது ஆண்டுகளுக்குப் பயன்படும்.

இவ்வளவும் சொன்ன பிறகு, தங்கள் நாளிதழிடம் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். எல்லையோரப் பகுதியொன்றில் சுற்றுலாத் திட்டம் அறிவிக்கப்படும்போது, எத்தனை இலட்சம் பேர் வருவார்கள் என்ற எதிர்பார்ப்பே தலைப்புச் செய்தியாகிறது. அதற்குப் பதிலாகத் தங்கள் செய்தியாளர்கள் வேறு சிலவற்றைக் கேட்க வேண்டும்: தங்குமிடங்களில் எத்தனை உள்ளூர்க்காரர் பெயரில் இருக்கப்போகின்றன, வருவாயில் எத்தனை விழுக்காடு சுற்றியுள்ள ஊர்களுக்கு எழுத்துப்பூர்வமாக உறுதிசெய்யப்பட்டிருக்கிறது, மேலாளர் பணிக்கு உள்ளூர் இளைஞரைப் பயிற்றுவிக்க என்ன ஏற்பாடு, எல்லைக்கு அப்பாலுள்ள நிறுவனங்களோடு என்ன உடன்படிக்கை. திட்டம் தொடங்கி ஐந்தாண்டுகள் கழித்து அதே இடத்திற்குத் திரும்பச் சென்று அதே கேள்விகளைக் கேட்டு, கிடைக்கும் விடைகளை முதல் பக்கத்தில் வெளியிட்டால், அடுத்து வரும் திட்டங்களை வகுப்பவர்கள் அந்த விடைகளை மனத்தில் வைத்தே வகுப்பார்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்